சன் டனல்ஸில் மகளைப் படம் எடுத்தது

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் கலைஞர் நான்சி ஹோல்ட் 1976இல் முடித்த சன் டனல்ஸ் என்ற கலைப்படைப்பு, நான்கு பெரிய கான்கிரீட் குழாய்கள். ஒவ்வொன்றும் 18 அடி நீளம், உள்ளே குழந்தைகள் ஓடலாம். ஆனால் உள்ளே இருட்டு, வெளியே கொளுத்தும் வெயில். போன் கேமராவில் மகள் முகத்துக்கு ஒளியளவு வைத்தால் வானம் வெளுத்தது. வானத்துக்கு வைத்தால் அவள் வெறும் கருநிழல்.

அப்புறம்தான் துளைகளைப் பயன்படுத்தினேன். குழாய்களின் மேற்புறத்தில் விண்மீன் கூட்டங்களின் வடிவில் துளையிட்டிருக்கிறார் ஹோல்ட். எவ்வளவு அழகான யோசனை! அவற்றின் வழியே வெயில் வட்டங்களாக விழுகிறது. ஒரு வட்டம் மகளின் கன்னத்தில் படும்படி நிறுத்தி, போன் திரையில் அந்த இடத்தையே அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டினேன். கன்னத்திலும் வெளியே அடிக்கும் அதே வெயில்தானே? முகமும் வானமும் சேர்ந்தே தெளிவாக வந்தன.

தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், பக்கத்தில் கடையே கிடையாது.