பிள்ளை கேட்கும் கேள்வியிலிருந்து கற்றலைத் தொடங்குவது எப்படி

பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்கி, அதன் விருப்பத்தின் வழியே கற்கவிட எண்ணும் பெற்றோர் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையில் 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. ஆகவே விடுகைப் பத்திரம் கேட்பதற்கு முன்னர், மட்டக்களப்போ பட்டிருப்போ திருக்கோவிலோ, உங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சென்று, வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்துப் பேசுங்கள். அங்கே வழி கிடைக்காவிட்டாலோ, தாயும் தகப்பனும் காலையிலேயே வேலைக்குப் போகும் குடும்பமாக இருந்தாலோ, பிள்ளை பாடசாலையிலேயே இருக்கட்டும். பின்னேர ரியூசனை மட்டும் நிறுத்தி அந்த நேரத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்காக நான்காம் தரத்திலிருந்தே ஓடும் ஊரில் அதற்கே துணிவு வேண்டும்.

வீட்டில் இருக்கத் தொடங்கிய பிள்ளை முதற் சில வாரங்கள் எதையும் செய்யாது. அப்போது சுவரில் நேரசூசி ஒட்டுவதுதான் பெற்றோர் செய்யும் முதற்பிழை. நானும் ஒட்டினேன், மூன்றாம் நாள் கிழித்தேன். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி 1907இல் உரோமில் தொடங்கிய சிறுவர் இல்லத்தில் பெரியவர்களின் முதல் வேலை கவனித்துப் பார்ப்பதாகவே இருந்தது. அவருடைய பெயரைப் பலகையில் எழுதிவிட்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சிக் கொப்பி கொடுக்கும் பாலர் பாடசாலைகள் நம்மிடையே நிறைய உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டதும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். மாரியில் வெள்ளம் ஏறியபோது, “முகத்துவாரத்தை ஏன் வெட்டுகிறார்கள்?” என்று என் மகள் கேட்டாள். பாலமீன்மடுவுக்குக் கூட்டிச் சென்று, மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் வாயை மறிக்கும் மணல்திட்டைக் காட்டினோம். வெட்டாவிட்டால் வாவி நீர் எந்த வயல்களில் ஏறும் என்று வரைபடத்தில் தேடினாள்; வெட்டினால் உப்புநீர் உள்ளே வந்து மீனும் இறாலும் எப்படி மாறும் என்பதைத் தோணிக்காரரிடம் கேட்டாள். வாவியின் இரு கரைகளுக்கும் உள்ள படுவான்கரை, எழுவான்கரை என்ற பெயர்கள் சூரியன் படும் திசையையும் எழும் திசையையும் குறிப்பவை என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தபோது, திசைகளைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பாடம் தேவைப்படவில்லை. அந்த ஒரு கேள்வி ஏறத்தாழ இரண்டு மாதம் ஓடியது; இடையில் ஒரு வாரம் அதை முழுதாக மறந்து பட்டம் விட்டாள். அந்த வாரத்தில் நினைவூட்டாமல் இருப்பதுதான் பெற்றோருக்கு மிகக் கடினம்.

ஒவ்வொரு நாளும் ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, கேள்வி, செய்தது, இடையில் விட்டது ஆகியவற்றை எழுதுங்கள். அதிகாரி வந்தாலும், “பிள்ளை என்ன படிக்குது?” என்று அம்மம்மா கவலைப்பட்டாலும் காட்டக்கூடியது அதுதான். கணக்கு எப்போதும் கேள்வியின் வழியாகவே வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்: அறுவடையில் மூடைகளை எண்ணிக் கூலி கழிக்கும் பிள்ளைக்கும் பின்னக் கணக்கைத் தனியாக உட்கார்ந்து பழக்க வேண்டிவரும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கி, தவணைக்கு ஒருமுறை எது விடுபட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிற பிள்ளைகளின் கூட்டு குறையாதிருக்க விளையாட்டுக் கழகம், கோயில் பண்ணிசை வகுப்பு, கூத்துப் பழகும் களரி என எதிலாவது சேர்த்துவிடுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாகத் தோற்றலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலையையும் விசாரியுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியை அதிபர் நினைவூட்ட மாட்டார். பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலை நீங்களே பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 15 வயதானதும் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தையும் பாடசாலை வழியாக அன்றி, கிராம உத்தியோகத்தரிடம் நேரில் சென்று தொடங்குங்கள். அதைப் பரீட்சைக் காலம்வரை பிற்போடாதீர்கள்.