ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் எங்கே நிற்கலாம்?

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி வரை சுமார் 540 கி.மீ. வழியில் தவறவிடக் கூடாதது ஹார்ட் ஏரி. பிம்பாவைத் தாண்டிச் சுமார் 40 கி.மீ.யில் சாலையோரமே பார்வையிடம் இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற உப்புப் பரப்பு. கரைக்கு நடந்தால் ரயில் பாதையைக் கடக்க வேண்டும், இருபுறமும் பார்த்துப் போங்கள். உப்பு ஓட்டுக்கு அடியில் சேறு. மேல் ஓடு உடைந்தால் கால் கணுக்கால்வரை புதையும், காரை இறக்கவே வேண்டாம்.

கிளென்டாம்போவில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்த பங்க் சுமார் 250 கி.மீ. தள்ளி, கூபர் பீடியில்தான்.

ஊருக்கு வடக்கே சுமார் 30 கி.மீ.யில் பிரேக்அவேஸ் மேட்டுக்குன்றுகள். அனுமதிச் சீட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்தி வெயிலில்தான் அழகு என்பார்கள். ஆனால் திரும்பும்போது இருட்டிவிடும், கங்காருவும் மாடும் குறுக்கே வரும். வாடகைக் கார் என்றால் இரவு ஓட்டத்துக்கும் மண் சாலைக்கும் காப்பீடு உண்டா என்று முதலில் பாருங்கள். விடியற்காலையே மேல்: வெளிச்சமும் அதே சாய்வு, ஈத்தொல்லையும் குறைவு. மழை பெய்தால் அந்த மண் சாலையை மூடிவிடுவார்கள்.