சாரல் சீசன்ல நின்னு போற அயன் பாக்ஸ்: ரிப்பேர் பழக இதுல இருந்து ஆரம்பிங்க

ஜூன் வந்துட்டா ஆரியங்காவு கணவாய் வழியா சாரல் செங்கோட்டைக்குள்ள இறங்கிடும், கொடியில போட்ட யூனிபார்ம் ரெண்டு நாளானாலும் காயாது, அப்புறம் வீட்டுக்கு வீடு ஈரத் துணியைத் தேய்ச்சே காய வைக்கிறதுதான், அதனாலயே அயன் பாக்ஸ் நின்னு போறதும் இந்த சீசன்லதான் ஜாஸ்தி. 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ல இருந்த ஊர் இது, எங்க ஆச்சி இப்பவும் அயன் பாக்ஸை மலையாளத்துல தேப்புப்பெட்டின்னுதான் சொல்லுவா.

புதுசா ரிப்பேர் பழகுறவங்களுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. உள்ள இருக்கறது ஒயர், சூடு போதும்னா கரண்ட்டை நிறுத்துற தெர்மோஸ்டாட், சூடு எல்லை மீறினா அத்துப் போற ஒரு தெர்மல் ஃபியூஸ், சூடாகுற எலிமென்ட், சின்ன லைட், அவ்ளோதான். மைக்ரோவேவ் பக்கம் மட்டும் இப்போ போகாதீங்க, பிளக்கைப் பிடுங்கினப்புறமும் அதோட கெப்பாசிட்டர்ல உயிரை எடுக்கற அளவு கரண்ட் நிக்கும்.

வேண்டியது ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு கட்டிங் பிளேயர்.

முதல்ல வேற எதையாவது அதே பிளக் பாயின்ட்ல போட்டுப் பாருங்க. பாயின்ட் நல்லா இருந்தா பெட்டியோட பிளக்கைப் பிடுங்கி நல்லா ஆற விடுங்க. இனி கடைசி வரைக்கும் பிளக் வெளியிலதான் இருக்கணும்.

மீட்டரை 200 ஓம்ல (கரண்ட்டுக்கு எவ்ளோ தடை இருக்குன்னு அளக்கற இடம்) வைங்க, தெர்மோஸ்டாட் குமிழை ஃபுல்லா திருப்புங்க, பிளக்கோட ரெண்டு சின்ன பின்லயும் மீட்டர் முனையை வைங்க. 230ஐ 230ஆல பெருக்கி வாட்ஸால வகுத்தா எவ்ளோ ஓம் வரணும்னு தெரிஞ்சிடும், 750 வாட்ஸ் பெட்டிக்கு 70 பக்கம், 1000 வாட்ஸ்னா 53 பக்கம், கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பரவால்ல. இடது ஓரத்துல வெறும் 1 நின்னா எங்கயோ கட் ஆகியிருக்குன்னு அர்த்தம்.

எங்கன்னு கண்டுபிடிக்கணும்ல, முனையை எடுக்காம பெட்டிக்குள்ள ஒயர் நுழையுற ரப்பர் கிட்ட ஒயரை மெதுவா வளைச்சு வளைச்சுப் பாருங்க. நம்பர் வந்து வந்து போச்சுன்னா ஒயர்தான். நான் பார்த்ததுல முக்கால்வாசி இந்த இடம்தான், மேல நூல் பின்னல் புதுசு மாதிரியே இருக்கும், உரிச்சுப் பார்த்தா செம்புக் கம்பி ஒண்ணொண்ணா அத்து கறுத்துப் போயிருக்கும்.

பின் மூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் கழட்டினப்புறமும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. ஒயர் அந்த ரப்பர் கிட்ட மட்டும் அத்திருந்தா அந்தத் துண்டை வெட்டிட்டு மிச்சத்தை மாட்டிடலாம். புதுசு வாங்கினா நூல் சுத்தின மூணு கோர் ஒயரா, மூணு பின் பிளக்கோட வாங்குங்க, சாதா பிளாஸ்டிக் ஒயர் சூட்டுத் தகட்டுல பட்டா உருகிடும்.

ஒயர் நல்லா இருந்தா தெர்மோஸ்டாட்டோட ரெண்டு முனை, ஃபியூஸோட ரெண்டு முனை, எலிமென்ட் முனைன்னு வரிசையா மீட்டர் வைங்க, எதுல 1 நிக்குதோ அதுதான் போனது. தெர்மல் ஃபியூஸ் போயிருந்தா அது மேல எழுதியிருக்கற அதே டிகிரி வாங்கிப் போடுங்க. நேரா ஒயர் போட்டு இணைச்சுக் கொடுக்கறவங்க இருக்காங்க, அதை ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுன்னா சூட்டை நிறுத்த எதுவுமே இருக்காது.

இப்போ எர்த், அதாவது தகட்டுல கரண்ட் கசிஞ்சா நம்ம மேல பாயாம பூமிக்குக் கொண்டு போற பச்சை ஒயர். எங்க அம்மா ஒரு தடவை ஒரு கடையில ரிப்பேர் பண்ணி வாங்கிட்டு வந்து, ஈரத் தரையில நின்னு தேய்க்கையில சுர்ருன்னு இழுத்திருச்சு, பிரிச்சுப் பார்த்தா பச்சை ஒயரை வெட்டி மடக்கி உள்ள சொருகி வெச்சிருக்கு. அன்னைக்கு இருந்து எதைப் பிரிச்சாலும் இந்த ரெண்டு செக் பண்ணாம நான் மூடுறதில்ல. மீட்டர் அதே 200 ஓம்ல இருக்கட்டும், பிளக்கோட தடிச்ச பின்னுக்கும் (அதுதான் எர்த் பின்) பெட்டியோட தகட்டுக்கும் வெச்சா கிட்டத்தட்ட 0 காட்டணும். மீட்டரை 2000கே ஓமுக்கு மாத்தி, சின்ன பின் ஒவ்வொண்ணுக்கும் தகட்டுக்கும் வெச்சா 1 மட்டும்தான் நிக்கணும், வேற எந்த நம்பர் வந்தாலும் பிளக்ல சொருகவே சொருகாதீங்க.

ரெண்டும் சரியா இருந்தா மூடியை மாட்டி, கை காய்ஞ்சிருக்கான்னு பார்த்து, செருப்பு போட்டுக்கிட்டு சுவிட்ச் போடுங்க. லைட் எரியும், கொஞ்ச நேரத்துல உள்ள டக்குன்னு ஒரு சின்ன சத்தம் கேட்டு லைட் அணையும், தெர்மோஸ்டாட் சரியா கரண்ட்டை நிறுத்திருச்சு, இனி துணியை எடுத்துட்டு வரலாம்.