முறுக்கு விற்கும் முன் கெரானைப் (நில உரிமைப் பத்திரத்தை) பாருங்கள்: பினாங்கில் வீட்டுச் சமையல் வியாபாரம்

தீபாவளி நெருங்கிவிட்டால் பினாங்கில் முறுக்கு வாசம் வராத தாமான் இருக்காது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் குவிந்ததும் பலர் நேரே எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அது வியாபாரப் பதிவு மட்டுமே. அந்த வீட்டில் வியாபாரம் செய்யலாமா என்பது தனிக் கேள்வி. அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் மன்றம் எது?

சுக்காய் பிந்து (வீட்டு மதிப்பீட்டு வரி) பில்லின் தலைப்பைப் பாருங்கள். தீவு என்றால் எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்). பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் என்றால் எம்பிஎஸ்பி (செபராங் பிறை மாநகர் மன்றம்). லைசென்ஸ் தருவது அந்தந்த மன்றம். அக்கரைத் தோழிக்குக் கிடைத்தது இக்கரையில் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

படி 2: கெரான்

கெரானில் ‘சியாராட் ஞாத்தா’ (வெளிப்படை நிபந்தனை) என்ற வரியைத் தேடுங்கள். அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது அங்கேதான் இருக்கும். கெரான் வங்கியில் இருந்தால், வீடு வாங்கியபோது வக்கீல் கொடுத்த கோப்பில் நகல் இருக்கலாம். இல்லையென்றால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி ‘சாரியான்’ (நிலப் பதிவுத் தேடல்) எடுக்கலாம். குடியிருப்புக்கு மட்டும் என்றிருந்தால் பதற வேண்டாம், நிபந்தனையை மாற்ற உடனே ஓடவும் வேண்டாம். முறுக்குக்காக அந்தச் செலவு கட்டாது. மன்றத்தின் லைசென்ஸ் கவுன்டரில் தெளிவாகக் கேளுங்கள்: “மாசாக் டி ருமா, ஜுவால் ஒன்லைன், தாக் அடா மேஜா. போலே?” (வீட்டில் சமையல், ஆன்லைனில் விற்பனை, மேசை கிடையாது. செய்யலாமா?) வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வீடு வீடாகவே இருக்கிறதா?

முக்கியமான இடம் இதுதான். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி (சட்டம் 172), கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் ‘மேம்பாடு’தான். அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். மீறினால் அபராதம் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை போகலாம். அடுப்படியில் முறுக்கு பிழிந்து டெலிவரிப் பையனிடம் கொடுப்பது ஒரு வகை. போர்ச்சில் நான்கு மேசை போட்டு நாசி லெமாக் பரிமாறுவது முற்றிலும் வேறு வகை. இரண்டாவதை வீட்டு வியாபாரம் என்று நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் வைப்பது, பலகை மாட்டுவது, வாசலில் கார்கள் வரிசை கட்டுவது எல்லாம் உங்களை இரண்டாம் வகைப் பக்கம் தள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தால் அது பெரும்பாலும் பார்க்கிங், புகை, கால்வாயில் மிதக்கும் எண்ணெய் பற்றித்தான் இருக்கும். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றவே கூடாது.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2008 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதி, அந்தப் பகுதிக்கென்றே 2016 முதல் தனித் திட்டமும் உண்டு. மன்றத்தைக் கேட்காமல் சுவரைத் தொடாதீர்கள், பலகை மாட்டாதீர்கள்.

படி 4: பிளாட்டில் இருந்தால்

மன்றம் சரி என்றாலும் ஜேஎம்பி (அடுக்குமாடியின் கூட்டு நிர்வாக அமைப்பு) இருக்கிறது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வரும் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சம்மதம் எழுத்தில் வேண்டும். லிஃப்டில் வாய்வழியாகச் சொன்னது அடுத்த கமிட்டி வந்ததும் செல்லாது.

படி 5: மற்றவை

டைஃபாய்டு ஊசி, உணவு கையாள்வோர் பயிற்சி, சுகாதார அமைச்சின் ஃபோசிம் (உணவு தயாரிக்கும் இடங்களுக்கான இணையப் பதிவு முறை) பதிவு. இவை பெரிய தலைவலி இல்லை. வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் பதிவு: அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60.