வடக்கே குடியேறுமுன் அந்த ஊரின் தட்பவெப்பத்தைக் கணக்கிடும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ டெல்லி, நாக்பூர், ஜம்மு என்று புறப்படுபவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது அந்த ஊரின் சராசரி வெப்பநிலையைத்தான். அதை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது. டெல்லியின் ஆண்டுச் சராசரி சுமார் 25 டிகிரி செல்சியஸ். நாகர்கோவிலின் சராசரி அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதல். இந்தக் கணக்கின்படி டெல்லி, நாகர்கோவிலைவிடச் சற்றே இதமான ஊராக இருந்திருக்க வேண்டும்! மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தொடும் வெயிலும், ஜனவரி இரவில் 7 டிகிரிக்கு இறங்கும் குளிரும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அந்த 25-க்குள் ஒளிந்திருக்கின்றன.

ஆகவே, செல்லவிருக்கும் ஊரின் பன்னிரண்டு மாதங்களுக்கான அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைப் பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளைக் கொண்டு கணக்கிட்ட இயல்பு அளவுகள் இதற்குப் போதும். மிக வெப்பமான மாதத்தின் பகல் அளவிலிருந்து மிகக் குளிர்ந்த மாதத்தின் இரவு அளவைக் கழித்துப் பாருங்கள். டெல்லிக்கு 33 டிகிரி அளவில் விடை வரும்; நம் கடலோரத்துக்கு ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டுதான் வரும். விடை 15-க்குள் இருந்தால் இங்கு உடுத்தும் துணிகளே அங்கும் போதும் என்பதும், 25-ஐத் தாண்டினால் கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடைகளுக்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும் என்பதும் என் கணக்கு.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையில், வட அட்சரேகை 8 டிகிரியில் நாம் வாழ்வதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால் கரையின் வெப்பமும் குளிரும் கட்டுக்குள் நிற்கின்றன. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம்தான் வேறுபாடு. டெல்லியிலோ ஜூனில் ஏறத்தாழ 14 மணி நேரமாக இருக்கும் பகல், டிசம்பரில் பத்தேகால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. கடலும் தொலைவில் இருப்பதால், அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கிக்கொள்ள அங்கே எதுவுமில்லை.

இதை எனக்கு முதலில் உணர்த்தியது ஒரு தேங்காயெண்ணெய்ப் பாட்டில். என் தங்கை மகன் டெல்லிக்குப் போனபோது, வீட்டில் ஆட்டிய எண்ணெயைக் குறுகிய வாய் கொண்ட பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தோம். நவம்பர் பாதியில், எண்ணெய் வெள்ளை மெழுகாகி வெளியே வர மறுக்கிறது என்று தொலைபேசியில் புலம்பினான். தேங்காயெண்ணெய் உறைவது சுமார் 24 டிகிரியில். நம் ஊரில் வெப்பநிலை அதற்குக் கீழே வெகுநேரம் தங்குவதில்லை என்பதால், எண்ணெய் உறையும் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அகன்ற வாயுள்ள டப்பாவில் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்து மழை. இதிலும் ஆண்டு மொத்தத்தைவிட எந்த மாதத்தில் பெய்கிறது என்பதே முக்கியம். இம்மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நம் வயல்களில் இரு போகம் அமைந்ததும் அதனால்தான். அந்தப் பழக்கத்தில், ஐப்பசி கார்த்திகை என்றால் எங்கும் அடைமழைதான் என்று நம் மனம் எண்ணிக்கொள்கிறது. டெல்லியின் ஆண்டு மழை 800 மி.மீ.க்கும் குறைவு, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நவம்பர் அங்கே மிக வறண்ட மாதம். அக்டோபரில் புறப்படுபவர் குடையை வைத்துவிட்டுப் போர்வையை எடுத்துச் செல்வதே சரி. ஜம்முவுக்குச் செல்பவர் மட்டும், மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளால் குளிர்காலத்திலும் மழை உண்டு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயண நாளையும் பருவமழையின் நடையோடு பொருத்திப் பார்ப்பது நல்லது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. டெல்லியை எட்டுவது ஜூன் 27. நாடு முழுவதும் பரவுவது ஜூலை 8. ஜூன் முதல் வாரத்தில் கன்னியாகுமரியில் ஹிம்சாகர் விரைவு ரயில் ஏறுபவர், பாலக்காடு வரை நனைந்த பச்சையைப் பார்த்துக்கொண்டே சென்று, கணவாயைத் தாண்டியதும் காய்ந்த மண்ணைக் காண்பார். மழை இன்னும் எட்டாத நாக்பூரில் 40 டிகிரி வெயில் அவருக்காகக் காத்திருக்கும். மலை மறைத்தால் மழை எப்படி மாறும் என்பதை அறிய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனி ஆடியில் ஒரே நாளில் குலசேகரத்துக்கும் ஆரல்வாய்மொழிக்கும் பேருந்தில் போய்வாருங்கள். அங்கே ரப்பர் மரங்களின் கீழ் சாரல், இங்கே காற்றாலைகளின் கீழ் புழுதி.

வடக்கின் வெயில் நம் வெயிலைப் போன்றதன்று. ஈரமற்ற காற்றில் வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடுவதால், உடல் நீரை இழப்பது நமக்குத் தெரிவதில்லை; தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். கடற்காற்றுக்காகச் சன்னலைத் திறந்துவைக்கும் நம் வழக்கத்தையும் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். ‘லூ’ எனப்படும் அனல்காற்று வீசும் பகலில் சன்னல்கள் மூடியிருக்கட்டும்.

மலையூர் என்றால், ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் சமவெளியின் அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பொங்கலுக்கு ஊர் திரும்பும் பயணச்சீட்டு. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளியை மூடும் அடர்பனியால் ரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாவது அங்கே வழக்கம். டெல்லியில் வண்டி மாறி வர வேண்டியவர்கள், இரு வண்டிகளுக்கும் இடையே குறைந்தது அரை நாளாவது விட்டு முன்பதிவு செய்யுங்கள்.