படத்திலும் அச்சுத் தாளிலும் வாட்டர்மார்க் பதிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

வாட்டர்மார்க், அதாவது படத்திலோ தாளிலோ பதிக்கும் அடையாளக் குறி, போடுவது என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் மென்பொருளைத் தேடுகிறார்கள். அதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: நாளை ஒரு சிக்கல் வந்தால் அந்தக் குறி என்ன சாட்சி சொல்ல வேண்டும்? "இந்தப் படம் என்னுடையது" என்றா, "இந்தப் படத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்றா, "இந்தத் தாள் இன்னாரிடம் கொடுத்த பிரதியிலிருந்து வெளியே போயிருக்கிறது" என்றா? முதல் வேலைக்கு எதையும் தாங்குகிற குறி தேவை. இரண்டாவதற்குத் தொட்டாலே சிதைந்துவிடுகிற குறி தேவை. மூன்றாவதற்குப் பிரதிக்குப் பிரதி மாறுகிற குறி தேவை. ஒன்றைக் கொண்டு இன்னொன்றின் வேலையை வாங்க முடியாது. கீழே உள்ள முறைகளை இந்தக் கேள்வியோடு பொருத்திப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

தேவையானவை: படங்களுக்குக் கிம்ப், ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர். இரண்டும் இலவசம். அச்சுப் பகுதிக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) தரத்தில் ஸ்கேன் செய்யும் கருவி ஒன்றும் வேண்டும். எந்த முறையைத் தொடங்கும் முன்பும் குறியில்லாத மூலப்படத்தைத் தனி இடத்தில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் படத்தின் மேல் இன்னொருவரும் தன் குறியைப் பதித்துவிட்டு உரிமை கோரலாம். அப்போது யார் முந்தியவர் என்பதைக் குறியால் மட்டும் நிறுவ முடியாது. குறியே இல்லாத மூலக்கோப்பு கையில் இருப்பவரின் வாதம்தான் எடுபடும்.

கண்ணுக்குத் தெரியும் குறி

இது எளிது. கிம்ப்பில் படத்தைத் திறந்து, டெக்ஸ்ட் கருவியால் பெயரை எழுதி, அந்த லேயரின் (படத்தின்மேல் அமரும் அடுக்கு) ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மை) 30 அளவுக்கு இறக்கி, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்தால் முடிந்தது.

கவனம் வேண்டியது இடத்தில்தான். மூலையிலோ வெறும் வானத்திலோ எழுதிய பெயரை வெட்டியோ நிரப்பியோ நொடியில் நீக்கிவிடலாம். முடி, இலை, துணி மடிப்பு போன்ற நுணுக்கம் நிறைந்த பகுதியின் குறுக்கே எழுதினால் நீக்குகிறவர் அந்த நுணுக்கங்களையும் புதிதாக வரைந்தாக வேண்டும். இன்னொன்று, எல்லாப் படங்களிலும் ஒரே குறியை ஒரே வடிவத்தில் போடாதீர்கள். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களை ஒப்பிட்டுக் குறியைத் தனியே பிரித்து, தானாகவே அழித்துவிட முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் செய்தே காட்டினார்கள். படத்துக்குப் படம் குறியின் வடிவத்தைச் சற்று நெளித்தாலே அந்த வழி தடுமாறுகிறது என்பதையும் அவர்களே கண்டார்கள். கிம்ப்பின் வார்ப் கருவி அதற்குப் போதும்.

கடைசி பிட்டில் ஒளிக்கும் குறி

மறைகுறியின், அதாவது கண்ணுக்குத் தெரியாத குறியின், அடிப்படையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஒருமுறையாவது காகிதத்தில் கையால் போட்டுப் பாருங்கள்.

படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் (படத்தை ஆக்கும் சிறு புள்ளி) சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, அதாவது 8 பிட் (0 அல்லது 1 என்ற இரும இலக்கம்). அதில் கடைசி பிட்டை மாற்றினால் எண் ஒன்றே ஒன்றுதான் கூடும் அல்லது குறையும். 148 என்ற சிவப்பு 149 ஆவதை எந்தக் கண்ணும் பிடிக்காது. ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு எண்ணும் ஒரு பிட்டைச் சுமக்கும்.

"அ" என்ற எழுத்தை ஒளித்துப் பார்ப்போம். கணினி அதை யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என்ற மூன்று பைட்களாகச் சேமிக்கிறது. இரும எண்களில் அவை 11100000, 10101110, 10000101. மொத்தம் 24 பிட். பிக்சலுக்கு மூன்று பிட் என்றால் ஓர் "அ" சரியாக 8 பிக்சலில் அடங்கிவிடுகிறது.

முதல் பிக்சலின் மதிப்புகள் 148, 97, 62 என்று கொள்வோம். ஒளிக்க வேண்டியவை 1, 1, 1. மூன்றும் ஒற்றைப்படையாக வேண்டும். 148 ஐ 149 ஆக்குங்கள், 97 ஏற்கெனவே ஒற்றைப்படை என்பதால் விட்டுவிடுங்கள், 62 ஐ 63 ஆக்குங்கள். அடுத்த பிக்சல் 151, 98, 61. ஒளிக்க வேண்டியவை 0, 0, 0. எனவே 150, 98, 60. மூன்றாவது பிக்சலின் முதல் இரு எண்களோடு 224 முடிந்துவிடும், மூன்றாவது எண்ணில் 174இன் முதல் பிட் தொடங்கும். இப்படியே எட்டாவது பிக்சல் வரை போங்கள். திரும்பப் படிக்கும்போது ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்த்து எழுதிக்கொண்டே வந்தால் "அ" கிடைத்துவிடும். கவனியுங்கள், முதல் இரண்டு பிக்சல்களின் ஆறு எண்களில் இரண்டை நாம் தொடவே இல்லை. பொதுவாகப் பாதி எண்கள் மாறாமலே இருக்கும்.

இப்போது அந்தப் படத்தைப் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் குறி அப்படியே இருக்கும். ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் போய்விடும். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு முக்கியமில்லாத விவரங்களைக் களைகிறது. கடைசி பிட் அதன் முதல் பலி. அளவைச் சிறிதாக்கினாலும், அச்சிட்டு ஸ்கேன் செய்தாலும் இதே கதிதான்.

ஆகவே உரிமையை நிலைநாட்ட இந்த முறையை நம்பாதீர்கள். ஆனால் படம் திருத்தப்பட்டதா என்று அறிய இந்த மென்மையே பலம். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண்களின் முதல் 7 பிட்களிலிருந்து ஓர் இரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை அதே கட்டத்தின் கடைசி பிட்களில் வைப்பார்கள். யாராவது ஒரு முகத்தை மாற்றினால், அந்தக் கட்டங்களில் மட்டும் கணக்கு பொருந்தாது. எந்த இடத்தில் கை பட்டது என்பதுவரை தெரிந்துவிடும். சாவி இல்லாமல் செய்தால் பயனில்லை. திருத்தியவரே புதிய சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்துவிடுவார்.

தாங்கி நிற்கும் மறைகுறி

ஜேபெக்கைத் தாண்டி நிற்க வேண்டுமானால் குறியை எங்கே வைப்பது? யாரும் பார்க்காத மூலையில் என்றுதான் மனம் சொல்லும். அது தவறு. பார்க்காத விவரத்தைத்தான் சுருக்கும் மென்பொருள் முதலில் எறிகிறது. படத்தின் முக்கியமான பகுதியில், எறிந்தால் படமே கெட்டுவிடும் இடத்தில், மிகச் சிறிய அளவில் குறியைப் பரப்ப வேண்டும். இங்கேமர் காக்ஸ் தலைமையிலான குழு 1997இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான். டிசிடி என்னும் கணக்கீட்டால் படத்தை மெதுவாக மாறும், வேகமாக மாறும் அலைவரிசைகளாகப் பிரித்து, அவற்றின் அளவைச் சொல்லும் எண்களில் மிகப் பெரிய 1000 எண்களில் சிறு மாற்றங்களைத் தூவினார்கள். அச்சிட்டு, நகலெடுத்து, திரும்ப ஸ்கேன் செய்த பிறகும் குறி கண்டறியப்பட்டது. இன்று வரும் பல முறைகளுக்கு வேர் அதில் இருக்கிறது.

அந்தக் கணக்கு இல்லாமல், அதே கருத்தைக் கிம்ப்பில் செய்து பார்க்கலாம்:

1. படத்தைத் திறந்து, டெக்ஸ்ட் கருவியால் கறுப்பு நிறத்தில் இரண்டு மூன்று பெரிய எழுத்துகளை எழுதுங்கள். எழுத்தின் உயரம் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்காவது இருக்கட்டும். சிறிய எழுத்து ஜேபெக்கின் இரைச்சலில் கரைந்துவிடும். தடித்த எழுத்துருவே நல்லது.

2. எழுத்து லேயரின் ஒபாசிட்டியை 4க்கு இறக்குங்கள். திரையில் எழுத்து மறைந்துபோகும். வழவழப்பான வானத்தில் இன்னும் நிழல் தெரிந்தால் 3 அல்லது 2 வரை இறக்கலாம். முழுக்க இருண்ட பகுதியில் கறுப்பு எழுத்தால் எந்த மாற்றமும் நேராது. அதனால் வெளிச்சமும் நடுத்தர ஒளியும் உள்ள இடங்களில் எழுத்தை வையுங்கள்.

3. இமேஜ் மெனுவில் ஃப்ளாட்டன் இமேஜ் கொடுத்து, ஜேபெக் தரம் 80 வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

4. இனிச் சோதனை. மூலப்படத்தைத் திறந்து, எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதன்மேல் ஒரு லேயராகக் கொண்டுவாருங்கள். மேல் லேயரின் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். படம் ஏறத்தாழ முழுக் கறுப்பாகிவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

5. ஃப்ளாட்டன் செய்துவிட்டு, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்து, 255 என்று இருக்கும் உள்ளீட்டு வெள்ளை அளவை 12க்குக் கொண்டுவாருங்கள். புழுதி போன்ற இரைச்சலுக்கு நடுவே உங்கள் எழுத்து எழுந்து நிற்கும்.

இங்கேயே நின்றுவிடாதீர்கள். அதே கோப்பைப் பாதி அளவாக்கி, இன்னொரு முறை சுருக்கி, ஓரத்தை வெட்டி, மறுபடி சோதியுங்கள். அளவு மாறியிருந்தால் மூலப்படத்தின் அளவுக்குத் திரும்பப் பெரிதாக்கிய பின்பே ஒப்பிட வேண்டும். வெட்டியிருந்தால் மூவ் கருவியால் பிக்சல் பிசகாமல் பொருத்த வேண்டும், ஒரு பிக்சல் தவறினாலும் படத்தின் விளிம்புகள் எல்லாம் வேறுபாடாகத் தெரிந்து எழுத்தை மூடிவிடும். அடிபட்ட பிரதியிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்காத குறியை நான் குறியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இந்த முறையில் மூலப்படம் இல்லாமல் குறியைப் படிக்க முடியாது. காக்ஸ் குழுவின் முறைக்கும் அது தேவைப்பட்டது. மூலம் இல்லாமலே படிக்கும் முறைகளும் உள்ளன. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களுக்காகக் கூகுள் டீப்மைண்ட் 2023இல் அறிமுகப்படுத்திய சிந்த்ஐடி அப்படிப்பட்டது.

கோப்பின் மெட்டாடேட்டாவில் (படத்தோடு சேர்ந்து கோப்பில் பதியும் விவரக் குறிப்பு) பெயரும் உரிமைக் குறிப்பும் எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் அது வாட்டர்மார்க் ஆகாது. திரையைப் படம் பிடித்தாலே அது காணாமல் போய்விடும்.

அச்சுத் தாள்

எழுத்துகளுக்குப் பின்னால் "நகல்", "வரைவு" என்று சாய்வாகத் தெரிவதற்கு ரைட்டரில் ஃபார்மட் மெனுவில் வாட்டர்மார்க் இருக்கிறது. சொல், சாய்வு, ஒளிபுகும் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்.

உங்களுக்குத் தெரியாமலே அச்சாகும் குறி ஒன்றும் உண்டு. வண்ண லேசர் அச்சுப்பொறிகள் பல ஒவ்வொரு தாளிலும் மிகச் சிறிய மஞ்சள் புள்ளிகளைத் தூவுகின்றன. ஜெராக்ஸ் டாக்குகலர் வகை ஒன்றின் புள்ளிகளை எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2005இல் படித்துக் காட்டியது. 15 நெடுவரிசை, 8 கிடைவரிசை கொண்ட அந்தக் கட்டத்தில் இயந்திரத்தின் வரிசை எண்ணும் அச்சிட்ட தேதியும் நேரமும் இருந்தன. உங்கள் தாளில் தேட, வெறுமையான பகுதியை 600 டிபிஐயில் வண்ணமாக ஸ்கேன் செய்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் நிற விவரத்தை மழுக்கிவிடும். கிம்ப்பில் கலர்ஸ், காம்பனென்ட்ஸ், எக்ஸ்ட்ராக்ட் காம்பனென்ட் வழியாக நீலத்தை மட்டும் பிரித்தெடுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்குவதால் புள்ளிகள் கருமையாகத் தெரியும்.

வரி நகர்த்தும் குறி

யாருடைய பிரதி கசிந்தது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த முறை இது. ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தினர் 1990களில் உருவாக்கியது. ஒரு வரியை அங்குலத்தில் 300இல் ஒரு பங்கு மேலோ கீழோ நகர்த்தினார்கள். பலமுறை நகலெடுத்த பின்பும் அதைப் படிக்க முடிந்தது. நாம் இன்னும் தாராளமாக 0.2 மில்லிமீட்டர் நகர்த்துவோம்.

1. ஆவணத்தில் ஒவ்வொன்றும் தனிப் பத்தியாக நிற்கும் 11 வரிகளைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் வரிகள் வசதியானவை. எல்லாவற்றுக்கும் பத்திக்குக் கீழ் இடைவெளி 0, பத்திக்கு மேல் இடைவெளி 0.21 செ.மீ. என்று வையுங்கள்.

2. ஒற்றைப்படை வரிகள் அசையாதவை. 2, 4, 6, 8, 10ஆம் வரிகள்தாம் பிட்கள். மேலே போனால் 0, கீழே போனால் 1. ஐந்து பிட் என்பதால் 32 பிரதிகளைப் பிரித்தறியலாம்.

3. ஒரு வரியை மேலே நகர்த்த அதன் மேல் இடைவெளியை 0.19 ஆக்கி, அடுத்த வரியின் மேல் இடைவெளியை 0.23 ஆக்குங்கள். கீழே நகர்த்த நேர்மாறாக. இரண்டின் கூட்டுத்தொகை 0.42 என்று மாறாமல் இருப்பதால் கீழுள்ள வரிகள் இடம் பெயராது.

4. 19ஆம் பிரதி என்றால் இரும எண் 10011. 2ஆம் வரி கீழே, 4உம் 6உம் மேலே, 8உம் 10உம் கீழே. எந்த எண் யாருக்கு என்பதைக் குறித்துவைத்து, பிடிஎஃப் கோப்பாக்கி அச்சிடுங்கள்.

படிக்கும்போது தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கிம்ப்பின் மெஷர் கருவியால் ஒவ்வொரு இரட்டைப்படை வரிக்கும் மேலுள்ள இடைவெளியையும் கீழுள்ள இடைவெளியையும் அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு சுமார் 9 பிக்சல் இருக்கும். அளவை எழுத்தின் உச்சியிலிருந்து எடுக்காதீர்கள். தமிழில் "கீ" மேலே எழும், "கு" கீழே இறங்கும், வரிக்கு வரி கணக்கு தவறும். "ப", "ம" போன்று அடிக்கோட்டில் தட்டையாக அமரும் எழுத்தின் அடியிலிருந்து அளந்தால் பிசகாது. நகலெடுக்கும் இயந்திரம் தாளைச் சற்று இழுத்தாலும் பெரிதாக்கினாலும் அருகருகே உள்ள இரு இடைவெளிகளும் சேர்ந்தே மாறும். எது பெரியது என்ற விடை மாறாது.

இருவர் தங்கள் பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எந்த வரிகள் வேறுபடுகின்றன என்று தெரிந்துவிடும். முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்துவிட்டாலும் குறி போய்விடும். தட்டச்சைத் தாங்க வேண்டுமானால் குறியைச் சொற்களில் வைக்க வேண்டும். பொருள் மாறாத ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, "எனவே" என்றால் 0, "ஆகவே" என்றால் 1, "ஆனால்" என்றால் 0, "ஆயினும்" என்றால் 1 என்று அதே ஐந்து பிட்களைப் பிரதிக்குப் பிரதி மாற்றுங்கள். வரிகளில் வைத்த எண்ணையே சொற்களிலும் வைத்தால், ஒன்று அழிந்தாலும் மற்றொன்றிலிருந்து பிரதியின் எண்ணைப் படித்துவிடலாம்.