பம்பர், பானெட்டை பார்சல் அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஐந்து கிலோகூட எடை வராத பிளாஸ்டிக் பம்பருக்கு கூரியர்காரர் நூறு கிலோவுக்கு பில் போட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அவர் கணக்கு சரிதான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது விமான கூரியரில் வழக்கமான கணக்கு. 170 × 60 × 50 அளவுப் பெட்டி என்றால் 102 கிலோ வருகிறது. இதற்கு வால்யூம் வெயிட் என்று பெயர். இதுவா, தராசில் வரும் எடையா, எது அதிகமோ அதற்குத்தான் காசு. தரைவழி அனுப்பினால் வகுக்கும் எண் மாறலாம், கம்பெனிக்குக் கம்பெனியும் மாறலாம். அந்த எண்ணைக் கேட்காமல் புக் செய்வதுதான் முதல் தவறு.

இதே பெட்டியின் உயரத்தில் 10 செ.மீ. குறைத்தால் கணக்கில் 20 கிலோ குறைந்துவிடும். அதனால் பாடி பார்ட்ஸைப் பொறுத்தவரை பேரம் பேசுவதைவிட டேப்பை எடுத்து அளப்பதுதான் அதிகம் மிச்சப்படுத்தும். பொருளை ஒட்டி இறுக்கமாகச் செய்த பெட்டிக்குள் பொருள் ஆடாது, அதனால் உடைவதும் குறையும். செலவைக் குறைத்தால் பாதுகாப்பு போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த வேலையில் இரண்டும் ஒரே பக்கம்தான் இருக்கின்றன.

அளவைக் குறைக்கிறேன் என்று பம்பரின் இரு முனைகளையும் உள்ளே வளைத்துக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. லாரிக்குள் அடைபட்டு வெயிலில் கிடந்தால் கட்டிய வடிவத்துக்கே போய்விடும். பிறகு ஃபெண்டரோடு (முன்சக்கரத்துக்கு மேல் வரும் பாடித் தகடு) சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். பம்பரின் வளைவுக்குள் இருக்கும் காலி இடத்தைப் பயன்படுத்துவதே சரியான வழி. கிரில், ஃபாக் லேம்ப் மூடி, கிளிப் பொட்டலம் எல்லாம் அங்கேயே அடங்கும். ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, ஆடாமல் கட்டி வைக்க வேண்டும்.

அடுத்து, எதில் அனுப்புவது? சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கிய பானெட்டை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்ப லாரி பார்சல் சர்வீஸ்தான் என் தேர்வு. அங்கேயும் இடத்துக்குத்தான் காசு என்றாலும் கூரியர் அளவுக்குக் கடிக்காது. வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லாமல் கோடவுனில் போய் எடுத்துக்கொண்டால் இன்னும் குறையும். ஆம்னி பஸ்ஸில் போட்டால் மறுநாள் காலையில் கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் பயணிகளின் பெட்டிகளை உங்கள் பானெட்டின் மேல்தான் அடுக்குவார்கள்.

பேக்கிங்கில் நடக்கும் பெரிய தவறு, பாதுகாப்பை நடுவில் கொட்டுவது. பபிள் ராப் நாலு சுற்று நடுப்பகுதியில் இருக்கும், முனைகள் மொட்டையாக நிற்கும். அடிபடுவதோ முனைதான். பானெட்டில் கீல் பக்கத்து இரண்டு மூலைகள், ஃபெண்டரில் கீழ்நுனியும் போல்ட் ஏறும் காதுகளும், பம்பரில் கிளிப் மாட்டும் நாக்குகள். ஏசி செப்புக் குழாய்க்கு மேல் போடும் கறுப்பு ஃபோம் டியூப் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை நீளவாக்கில் கிழித்து பானெட்டின் ஓரம் முழுக்க மாட்டுங்கள், கச்சிதமாகக் கவ்விக்கொள்ளும். மூலைகளில் அட்டையை நாலாக மடித்து அதன்மேல் டேப் ஒட்டுங்கள். மூலை தரையில் இடித்தாலும் அட்டைதான் நசுங்கும்.

வெளிப்பெட்டிக்குப் புது அட்டை வாங்கத் தேவையில்லை. சைக்கிள் கடையில் கிடைக்கும் காலிப் பெட்டியில் ஃபெண்டர் அடங்கும். சின்ன கார் பானெட்டுக்குப் பெரிய டிவி வந்த பெட்டியை அளந்து பாருங்கள். வெள்ளைச் சாக்கில் சுற்றித் தைத்து மட்டும் அனுப்பாதீர்கள். சாக்கு மூட்டையைப் பார்த்தால் லோடுமேன் கொக்கியைப் போட்டுத்தான் இழுப்பார். உள்ளே பம்பர் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதி ஒட்டுவதையும் நம்ப வேண்டாம். எந்தப் பக்கம் போட்டாலும் தாங்குகிற மாதிரி கட்டுங்கள்.

புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகத்தை உடனே பபிள் ராப்பில் சுற்றினால் சூட்டில் குமிழ் குமிழாக அச்சு விழுந்துவிடும். முடிந்தவரை பிரைமரோடு அனுப்பி, ஊரில் அடித்துக்கொள்வதே நல்லது. உங்கள் காரின் மங்கிய நிறத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கலந்தால்தான் நிறமும் ஒத்துப்போகும்.

கதவை அனுப்பினால் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கி, சைடு மிர்ரரைக் கழற்றித் தனியாக வையுங்கள். முன் கண்ணாடியைத் தனிப் பார்சலாக அனுப்பவே வேண்டாம், உள்ளூரில் வாங்கிவிடுங்கள். ஏர்பேக் இருக்கும் பாகத்தை சாதாரண பார்சலில் போடக்கூடாது. அதற்குள் வெடிக்கும் பொருள் இருக்கிறது.

கட்டுவதற்கு முன் பாகம் சரியானதா என்று பாருங்கள். 2011இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கும் 2014இல் முகம் மாற்றி வந்த ஸ்விஃப்ட்டுக்கும் முன்பம்பர் வேறு. இரண்டையும் ‘பழைய ஸ்விஃப்ட்’ என்றே சொல்வார்கள். தவறாக வந்தால் திருப்பி அனுப்பும் காசும் உங்கள் தலையில்தான்.

கடைசியாக ரசீது. எல்.ஆர். சீட்டில் (லாரி கம்பெனி தரும் சரக்கு ரசீது) ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதமானால் பொறுப்பு பொருளுக்குச் சொந்தக்காரருடையது என்று முத்திரை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பொருளின் மதிப்பைச் சொல்லி, அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாமல் அனுப்பினால், 2011ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்கு விதிகளின்படி லாரி கம்பெனியின் பொறுப்பு வாடகையில் பத்து மடங்கு வரைதான். 400 ரூபாய் வாடகை என்றால் 4,000 ரூபாய்; உள்ளே இருப்பது 9,000 ரூபாய் பானெட் என்றாலும் அவ்வளவுதான். வழக்குக்குப் போவதென்றால், புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

அதனால் கோடவுனில் கையெழுத்துப் போடும் முன்பே பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். ஒரு மூலை நசுங்கியிருந்தாலும் அங்கேயே பிரித்து, போட்டோ எடுத்து, டெலிவரி சீட்டிலேயே ‘சேதம்’ என்று எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை. தகவல் வந்ததும் போய் எடுத்துவிடுங்கள். நாள் கடந்தால் டெமரேஜ் (எடுக்காமல் வைத்திருப்பதற்கான கட்டணம்) ஏறும், அதற்குள் உங்கள் பெட்டியின் மேல் வேறு மூட்டைகளும் ஏறிவிடும்.